இடுக்கி பிடித்தவர் சொன்னது

ராதிம் ஆறு மணிக்கு எழுந்தான். ஜன்னல்களைத் திறந்துவிட்டான். எட்டு மணிக்குமேல் திறந்து வைத்தால் வெயில் உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். பல் துலக்கினான். காலணிகளைக் கவிழ்த்துத் தட்டினான், சிலந்தி இல்லை. நின்றபடியே காபி குடித்தான். மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போனான். திரும்பும்போது தபால் பெட்டியைப் பார்த்தான். பல் மருத்துவரின் நினைவூட்டல் ஒன்று, நகராட்சிக் கடிதம் ஒன்று. ஜன்னல்களை மூடிவிட்டுக் கடிதத்தைப் பிரித்தான்.

குர்ராலூன் நகராட்சியின் புதியோர் வரவேற்பு மற்றும் பார்பிக்யூ ஒருங்கிணைப்புக் குழு அவனுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டது. படகுத்துறைப் பூங்காவில் புதிதாக நிறுவப்படும் இரட்டைத் தகட்டு மின் பார்பிக்யூ அடுப்புக்கு, மறைந்த அவன் மனைவியின் பெயர் சூட்டப்படும். பித்தளைப் பலகையில் பொறிக்கப்போகும் வாசகம் கீழே தரப்பட்டிருந்தது.

“ஹெட்ஸ். புதியவராக வந்தார், நம்மவராகச் சென்றார். அவரது கடைசி வார்த்தைகள்: இவ்வளவு அன்பான வரவேற்பை நான் எங்குமே கண்டதில்லை.”

ராதிம் அதை இரண்டு முறை படித்தான். அவன் மனைவியின் பெயர் ஹெட்விகா. ஹெட்ஸ் என்று அவளை உயிரோடு இருக்கும்போது யாரும் அழைத்ததில்லை. அந்த வாக்கியத்தையும் அவள் சொல்லவில்லை. அவள் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் அவன்தான்.

போன ஜனவரியில், இந்த ஊரின் உச்சக் கோடையில் நடந்தது அது. வெளிநாட்டிலிருந்து குடிவந்தவர்களுக்கான புதியோர் வரவேற்பு பார்பிக்யூ. பிற்பகல் இரண்டரை மணிக்கு ஹெட்விகா புல்தரையில் விழுந்தாள். வயது முப்பத்தொன்று. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. எங்கே இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்றார் மருத்துவர். வேறெங்கேயும் நடக்கவில்லை, அங்கேதான் நடந்தது.

அவன் தான் வேலை பார்க்கும் நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து தாமதமாக வருவதாகச் சொன்னான். பிறகு நகராட்சி அலுவலகத்துக்குப் போனான்.

குழுத் தலைவி நோலீன் டெபட் அவனை இரண்டு கைகளாலும் வரவேற்றார். நகர்மன்ற உறுப்பினர். மார்பில், இறைச்சி புரட்டும் இடுக்கி வடிவப் பதக்கம் குத்தியிருந்தார். அவர் அறைச் சுவரில் நகரின் வரைபடம் இருந்தது. பள்ளிகள் பச்சை, மருத்துவமனை நீலம், பார்பிக்யூக்கள் சிவப்பு. சிவப்புதான் அதிகம்.

வாசகம் தவறு என்று ராதிம் சொன்னான். அவள் சொன்னது வேறு.

“கண்ணு, நீ வருத்தத்துல இருக்கே,” என்றார் நோலீன்.

வருத்தம் இருக்கிறது, வாசகமும் தவறாக இருக்கிறது, இரண்டும் வேறு வேறு என்றான் ராதிம். அவள் உண்மையில் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தான். நோலீன் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தார்.

“சொல்லாதே. நீ சொல்லி நான் கேட்டுட்டா, அப்புறம் எனக்குத் தெரியும்னு ஆயிடும். தெரிஞ்சுட்டா நான் ஏதாவது செய்யணும். எதுக்கு வம்பு?”

பிறகு ஒரு கோப்பைத் திறந்து, குழு விதிகளில் பதினான்காவதைப் படித்துக் காட்டினார். பார்பிக்யூ நடக்கும்போது இடுக்கி கையில் வைத்திருப்பவர் சொன்னதே குறிப்பேட்டில் ஏறும். குறிப்பேட்டில் ஏறியதே பலகையில் ஏறும். அதைத் திருத்த வேண்டுமானால், இடுக்கி கையில் வைத்திருக்கும் இன்னொருவர்தான் திருத்த முடியும். தடி எடுத்தவன் தண்டல்காரன் என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். குர்ராலூனில் தடியைக் கொஞ்சம் வளைத்து இடுக்கியாக்கி, கைப்பிடிக்கு ரப்பர் உறை போட்டிருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு இடுக்கி பிடித்தவர் டாரில் மன்ஸ். ஓய்வுபெற்ற குழாய்ப் பணியாளர், நகரின் மூத்த இடுக்கியாளர். அவர் வாக்குமூலம்தான் கோப்பில் இருந்தது.

ராதிம் தான் கணவன் என்பதை நினைவூட்டினான். நோலீன் நிகழ்வின் தரைவரைபடத்தை விரித்தார். அடுப்பு நடுவில். அதைச் சுற்றி முதல் வட்டம், ஊர்க்காரர்கள். இரண்டாம் வட்டம், பத்தாண்டுக்கு மேல் குடியிருப்பவர்கள். மூன்றாம் வட்டம், புதிய ஆண்கள். புதிய பெண்கள் இருபது மீட்டர் தள்ளி, சாலட் மேசை. மூன்றாம் வட்டத்தில் ஒரு புள்ளிக்கு அருகே ராதிமின் பெயர் எழுதியிருந்தது.

“பாரு, நீ இங்க. அடுப்புலேருந்து ஒன்பது மீட்டர். உன் சம்சாரம் சாலட் மேசையை விட்டுட்டு உன்கிட்ட நடந்து வந்துச்சு. வரக்கூடாது. ஆனா அதை நாங்க பெருசுபடுத்தல. இறந்தவங்க மேல நடவடிக்கை எடுக்கிற வழக்கம் குழுவுக்கு இல்ல.”

வழி ஒன்று இருந்தது. நகராட்சியின் புதியோர் பார்பிக்யூப் பயிற்சியில் தேறியவருக்கு அடுத்த பொது நிகழ்வில் ஒரு நிமிடம் இடுக்கி தரப்படும். அது மரியாதைக்காகத்தான், ஆனால் விதி அதைப் பிரித்துச் சொல்லவில்லை. பயிற்சி ஆறு சனிக்கிழமை. பலகைத் திறப்பு ஏழாவது சனிக்கிழமை. ராதிமும் ஹெட்விகாவும் இரண்டு வருடம் முன்பு இதே பயிற்சியில் சேர்ந்தவர்கள். முதல் வகுப்போடு ஹெட்விகா நின்றுவிட்டாள். அவளுக்காக அவனும் நின்றான்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டான். ‘பயிற்சியில் சேரும் நோக்கம்’ என்ற இடத்தில் நான்கு விடைகள் அச்சிட்டிருந்தன: நட்பு, கலாசாரம், நல்ல இறைச்சி, மூன்றும். மூன்றும் என்பதில் குறி போட்டான்.

முதல் சனிக்கிழமை சாரணர் கூடத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். நாற்காலி கிடையாது. டாரில் மன்ஸ் அரைக்கால் சட்டையும் சமையல் கவசத்துணியுமாக முன்னால் நின்றார். கவசத்துணியில் ‘தலைவனிடம் பேசாதே’ என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களைப் பெயர் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெயர் எழுதுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. எந்தப் பெயராக இருந்தாலும் பாதியில் வெட்டி, ஒரு ‘ஓ’ சேர்ப்பார்.

“ராதிமா? சரி ராட்டோ. இனிமே நீ ராட்டோ. நட்பா இருக்கணும்ல?”

முழுப் பெயர் நட்புக்கு எதிரி என்பது அங்கே கொள்கை.

ராதிமுக்குப் பக்கத்தில் நின்ற பெண் டாக்டர் அச்சியெங். நைரோபியில் பதினான்கு வருடம் இதய அறுவை செய்தவர். இங்கே வந்து எட்டு மாதம். தொழில் என்ன என்று டாரில் கேட்டார். சொன்னார். டாரில் முகம் மலர்ந்தது.

“அப்ப கையில கத்தி நல்லா நிக்கும். உருளைக்கிழங்கு சாலட் பிரிவுக்குப் போம்மா, பின் அறை.”

அச்சியெங் கேட்டார். “நெஞ்சைத் திறந்து மூடியிருக்கேன் சார். ஒரு சாசேஜைத் திருப்பக் கூடாதா?”

“அது வேற, இது வேற,” என்றார் டாரில். “நெஞ்சு தப்பாப் போனா ஒருத்தர்தான் போவாரு. சாசேஜ் தப்பாப் போனா ஊரே பேசும்.”

அச்சியெங் பின் அறைக்குப் போனார். சான்றிதழ் இல்லாவிட்டால் அவர் குழந்தையின் பள்ளி விழாவில் சாலட் மேசையில்கூடத் தட்டு வைக்க முடியாது. அதற்காகத்தான் வந்திருந்தார்.

முதல் பாடம் நிற்பது. கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்ட வேண்டும். பீர் புட்டியைத் தொப்புள் உயரத்தில் பிடிக்க வேண்டும். பார்வை இறைச்சிமேல். பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பது பதற்றத்தின் அறிகுறி. இறைச்சி இல்லாதபோது அது இருக்கவேண்டிய இடத்தைப் பார்க்கலாம். கூடத்தில் அடுப்பு இல்லாததால் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு செவ்வகம் வரைந்து, மீதிப் பத்துப் பேரும் இரண்டு மணி நேரம் அதைப் பார்த்து நின்றார்கள். ஒரு சிரியாக்காரர் உட்காரலாமா என்று கேட்டார். அவர் அடுத்த வாரம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இரண்டாம் பாடம் பேசுவது. பார்பிக்யூவில் பேச அனுமதி உள்ள வாக்கியங்கள் ஐந்து. நல்ல வெயில். மழை வந்தா நல்லாருக்கும். வாசனை பிரமாதம். நான் ஏதாச்சும் உதவட்டுமா? இன்னும் ரெண்டு நிமிஷம். ஐந்தாவதைச் சொல்லும் உரிமை முதலில் இடுக்கியாளருக்கு மட்டும். மற்றவர்கள் கேட்டு, நம்பிக்கையோடு ஒருவருக்கொருவர் திருப்பிச் சொல்லிக்கொள்ளலாம். எந்த இரண்டு நிமிஷம் என்று கேட்கக் கூடாது.

மூன்றாம் பாடம் உதவி. விருந்தினர் மூன்று முறை உதவ முன்வர வேண்டும். மூன்று முறையும் இடுக்கியாளர் மறுப்பார். நான்காம் முறை கேட்பவன் இடுக்கிமேல் ஆசைப்படுகிறான் என்று பொருள். மூன்று முறைக்கு முன்பே நிறுத்துகிறவன் சோம்பேறி. மூன்று முறை கேட்டு மறுப்பு வாங்கியவன் நண்பன். ஒரு வியட்நாம் இளைஞர் முதல் முறை உதவட்டுமா என்றதுமே டாரில் மறதியாக “சரி, இந்த ரொட்டியை எடு” என்று சொல்லிவிட்டார், அவரும் எடுத்துவிட்டார். குழு அந்த நிகழ்வை விசாரித்து, ரொட்டியின்மேல்தான் தவறு என்று முடிவு செய்தது.

நான்காம் பாடத்துக்குப் பிறகு டாரில் ராதிமைத் தனியாகக் கூப்பிட்டார். மதிப்பெண் தாளைக் காட்டினார். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண்.

“முப்பது வருஷமா சொல்லிக்குடுக்கிறேன் மாப்ள. உன்னை மாதிரி ஒருத்தனைப் பாத்ததில்ல. நிக்கிறே. பாக்கிறே. ஒரு வார்த்தை அதிகம் இல்ல. பிறவியிலேயே வந்திருக்கு உனக்கு.”

ராதிம் ஒரு வருடமாகச் செய்து வந்தது அதைத்தான். ஓரிடத்தில் நிற்பது, எதையாவது வெறிப்பது, யார் எதைக் கேட்டாலும் அனுமதிக்கப்பட்ட ஒரு வாக்கியத்தைச் சொல்வது. பரிசோதனைக் கூடத்தில் அவனோடு வேலை செய்பவர்கள் அதற்குத் துக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நகராட்சி அதற்கு மிக நன்று என்று மதிப்பெண் போட்டது.

அவன் டாரிலிடம் கேட்டான். அன்றைக்கு ஹெட்விகா என்ன சொன்னாள்? உங்களுக்குக் கேட்டதா?

டாரில் கையிலிருந்த இடுக்கியை இரண்டு முறை டக் டக் என்று தட்டினார். அது அவர் யோசிக்கும் முறை.

“உண்மையச் சொல்லணும்னா, கேக்கல. நான் வெங்காயத்தைப் பாத்துட்டிருந்தேன். அப்புறம் செயலாளர் வந்து கேட்டாரு, என்ன சொன்னாங்கன்னு. என் கையில இடுக்கி. தெரியலைன்னா சொல்ல முடியும்? என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சேன். என் பார்பிக்யூவுல சந்தோஷமா இல்லாத ஆளை நான் பாத்ததே இல்ல.”

நீங்கள் அவர்கள் பக்கம் பார்ப்பதே இல்லையே என்றான் ராதிம்.

“இறைச்சிய யாரு பாக்கிறது?” என்றார் டாரில். கோபம் இல்லை. நியாயமாகவே கேட்டார்.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அச்சியெங்கும் அவனும் காத்திருந்தார்கள். அவர் விரலில் பீட்ரூட் சாயம். நாலு வாரமாகப் பீட்ரூட்டை வட்டமாக வெட்டுவது எப்படி என்று பல் துலக்கப் பழகும் வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் தனக்குச் சொல்கிறார்கள் என்றார். பின் அறையில், முன்பே அங்கே அனுப்பப்பட்டவர்களோடு சேர்த்து, பன்னிரண்டு பெண்கள். கணக்காளர் ஒருவர், விமானி ஒருவர். சொல்லிக்கொடுப்பவர்கள் கண்ணு, செல்லம், தங்கம் என்று கூப்பிடுவார்களாம். பன்னிரண்டு பேரில் ஒருவர் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் தங்கம்.

“அவங்க என்னதான் சொன்னாங்க?” என்று கேட்டார் அச்சியெங். கதை ஊருக்கே தெரிந்திருந்தது.

“அங்க, பலகைத் திறப்புல சொல்றேன்,” என்றான் ராதிம். “வீணாக்க விரும்பல.”

அச்சியெங் தலையாட்டினார். பேருந்து வந்தது.

ஆறாம் சனிக்கிழமை தேர்வு. அச்சியெங் தோற்றார். சாசேஜின் உள்வெப்பம் எத்தனை பாகை இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். சரியான விடை, ‘பார்த்தாலே தெரியும்’. ராதிம் முதலாவதாகத் தேறினான். சான்றிதழில் அவன் பெயர் ராட்டோ.

ஏழாம் சனிக்கிழமை நாற்பது பாகை வெயில். படகுத்துறைப் பூங்காவில் நிழற்கூரைக்குக் கீழே புது பார்பிக்யூ, எஃகில் பளபளத்தது. பொத்தானை அழுத்தினால் சூடாகும், கால் மணி நேரத்தில் தானாக அணையும், மறுபடி அழுத்த வேண்டும். கட்டம்போட்ட துணி பித்தளைப் பலகையை மூடியிருந்தது. ஐஸ் பெட்டிகள் வந்திறங்கின. முதல் வட்டம் நின்றது. இரண்டாம் வட்டம் நின்றது. மூன்றாம் வட்டத்துக்குப் புல்லில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள், குழப்பம் வராமலிருக்க. நிழல் இரண்டாம் வட்டத்தோடு முடிந்தது. பெண்கள் சாலட் மேசையில் ஈ ஓட்டினார்கள்.

நோலீன் டெபட் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நாங்க யாரையும் ஒதுக்குற ஊர் இல்ல. யாரையும் ஒதுக்கக் கூடாதுன்னுதான் மூணாவது வட்டம்னு தனியா ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்கோம். போன வருஷம் நூத்திப்பத்து புதியவங்க வந்தாங்க. ஒரு குறை வரல. குறை எழுதுற படிவமே தேவைப்படாதுன்னு முன்னாடியே தெரிஞ்சதால நாங்க அதை அச்சடிக்கல. ஹெட்ஸ் எங்க மனசுக்கு ரொம்ப நெருக்கமானவங்க. அவங்க போலந்தோ, அந்தப் பக்கம் எங்கயோ. எங்கேருந்து வந்தாங்கன்னு நாங்க யாரையும் கேக்கிறதில்ல. அதான் எங்க பெருந்தன்மை. அவங்க விழுந்த அன்னைக்கு நாங்க நிகழ்ச்சிய நிறுத்தல. அவங்க அதை விரும்பியிருக்க மாட்டாங்க. ஆம்புலன்ஸ் போனதும் எல்லாருக்கும் பரிமாறினோம்.”

கை தட்டினார்கள். துணியை இழுத்தார். பலகை வெயிலில் மின்னியது. கடைசி வார்த்தைகளை நோலீன் உரக்கப் படித்தார். முதல் வட்டத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

அடுத்து, தேறியவருக்கு மரியாதை. டாரில் இடுக்கியை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து ராதிமிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் ஒரு கணம் விடவில்லை. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம்.

தகட்டில் நாற்பது சாசேஜ் கிடந்தன. ராதிம் இடுக்கியோடு அவற்றின்முன் நின்றான். இதுவரை அவனை ஒருமுறைகூடப் பார்க்காத ஆண்கள், இப்போது அவன் கையைப் பார்த்தார்கள். அவன் எதைச் சொன்னாலும் சரி என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. அப்படி ஒரு அதிகாரம் அவனுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

“ஆச்சா மாப்ள?” என்று முதல் வட்டத்திலிருந்து ஒரு குரல்.

“இன்னும் ரெண்டு நிமிஷம்,” என்றான் ராதிம்.

வாய் தானாகச் சொன்னது. ஆறு வாரப் பயிற்சி. எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். செயலாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதினார்.

போன வருடமும் அவன் அதைச் சொல்லியிருந்தான். அதே புல்தரை, அதே மூன்றாம் வட்டம். ஹெட்விகா சாலட் மேசையிலிருந்து வெயிலில் நடந்து வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னபோது, முதல் வட்டத்திலிருந்து வாய்க்கு வாய் மாறி வந்த அந்த வாக்கியத்தை அவன் அவளுக்கு ஒப்பித்தான். சாசேஜ் இறங்கும் முன் யாரும் கிளம்புவதில்லை. புதியவன் கிளம்பினால் அடுத்த வருடமும் மூன்றாம் வட்டம்தான். அவள் திரும்பி நடந்தாள். மேசைக்குப் போய்ச் சேரவில்லை.

“முப்பது வினாடி,” என்றார் செயலாளர்.

ராதிம் இடுக்கியை உயர்த்திப் பிடித்தான். பலகையைக் காட்டினான். அவள் பெயர் ஹெட்விகா, எழுத்து எழுத்தாக எழுதிக்கொள்ளுங்கள் என்றான். செயலாளர் எழுதினார். கடைசி வார்த்தைகள் தவறு, திருத்துகிறேன் என்றான். நோலீன் ஒலிபெருக்கியை எடுத்தார். ஆனால் இடுக்கி அவர் கையில் இல்லை. டாரில் வாயைத் திறந்தார், தன் வெறுங்கையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். சாலட் மேசையிலிருந்து அச்சியெங் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நடந்து வந்தார். இன்னும் இரண்டு பெண்கள் பின்னால் வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கச் சொல்லக்கூடியவன் ராதிம் ஒருவன்தான்.

அவன் சொன்னான். செயலாளர் ஒரு முறை பேனாவை நிறுத்தி நோலீனைப் பார்த்தார். நோலீன் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். விதி பதினான்கு அங்கேயே இருந்தது. செயலாளர் எழுதி முடித்தார்.

மாற்றுப் பலகை மார்ச்சில் வந்தது. வரவேற்பு நிகழ்வுகள் இப்போதும் அங்கேதான் நடக்கின்றன. மூன்று வட்டங்களும் அப்படியே இருக்கின்றன. சாசேஜுக்காகக் காத்து நிற்பவர்களின் கண்ணுக்கு நேரே இருப்பதால், எல்லோரும் அந்தப் பலகையைப் படிக்கிறார்கள். மேலே ஹெட்விகா என்று முழுப் பெயர். கீழே, இடுக்கியாளர் சொல்லிக் குறிப்பேட்டில் ஏறியபடி, ஓர் எழுத்து மாறாமல்:

“மூணு மணி நேரமா நிக்கிறேன் ராதிம். ஒருத்தர்கூட என் பேரைக் கேக்கல, ஒரு வாய் சாப்பாடும் தரல. பசிக்குது. வா, வீட்டுக்குப் போலாம்.”